ஊர்தியும் வேட்கையும்: பொருநைக் கரைச் சான்றுகள் சில

ஊர்தி செலுத்துதற்கும் காம உணர்வுக்கும் உள்ள தொடர்பை மேலைநாட்டார் மோட்டார்க் கார் தோன்றிய பின்னரே விரிவாகப் பேசலாயினர். 1909இல் இத்தாலியக் கவிஞர் மாரினெட்டி வெளியிட்ட அறிக்கை, இரைந்தோடும் காரைக் கிரேக்க வெற்றித் தெய்வத்தின் சிலையினும் அழகியதெனக் கொண்டாடிற்று. அக்கருத்தின்படி செலுத்துவோன் ஆள்பவன்; ஊர்தி அவனால் ஆளப்படுவது. இவ்வாய்பாட்டை அகப்பாடல்கள்மேல் ஏற்றித் தேரை ஆண்மையின் குறியீடென ஒரு சொல்லால் முடித்துவிடுதல் எளிது. சான்றுகள் அதற்கு இடந்தாரா.

அகத்தலைவன் பெரும்பாலும் தேரைத் தான் செலுத்துவதில்லை. ஐங்குறுநூற்று முல்லைப் பகுதியில் 'தேர் வியங்கொண்ட பத்து' என ஒரு பத்தே உண்டு. வினைமுடித்து மீளும் தலைவன் பாகனை நோக்கி விரைந்து செலுத்துமாறு ஏவுகின்றான். கடிவாளம் பிறன் கையது; தலைவனிடம் உள்ளது சொல் மட்டுமே. நெஞ்சின் விரைவுக்கும் குதிரையின் விரைவுக்கும் இடைப்பட்ட தொலைவிலேதான் அப்பாட்டுக்கள் பிறக்கின்றன. திரைப்படத் தலைவன் தானே காரோட்டிக்கொண்டு காதற்பாட்டுப் பாடும் காட்சி மாரினெட்டியின் வழியதேயன்றிப் பேயனாரின் வழியதன்று.

குறுங்குடி மருதனாரின் அகநானூற்று நான்காம் பாட்டு இன்னும் நுண்ணியது. துணையொடு பூவில் தங்கிய வண்டினம் கலங்குமே என்றஞ்சித் தேர்மணியின் நாவைக் கட்டிவரும் தலைவனை அது காட்டுகின்றது. தன் கூட்டத்தை நாடி விரைவோன் பிறிதோர் உயிரின் கூட்டத்திற்கு ஊறு செய்யான். (ஊர்ப்பெயர் ஒப்புமை ஒன்றே கொண்டு இப்புலவரை நெல்லைத் திருக்குறுங்குடிக்கு உரியவராக்குதல் போதிய சான்றின்றிச் செய்வதாம்.)

ஐயமின்றிப் பொருநைக்கு உரியது கொற்கை. வெண்கண்ணனாரின் அகநானூற்று 130ஆம் பாட்டில், அலைகள் அத்துறையில் ஒதுக்கிய முத்துக்கள் பாண்டியனின் தேர்க்குதிரைகளது நடையைக் கெடுக்கின்றன. இதனை வெறும் வளப்புனைவு எனக் கொள்ளுதல் அமையாது. தன்னை இடித்துரைத்த பாங்கனுக்கு, அவளை நேரிற் கண்டிருப்பின் நீயும் இடித்துரையாய் என்று நிறையழிந்த தலைவன் கூறும் கூற்று அது. குதிரை நடை தடுமாறும் இடமும் ஆடவன் உள்ளம் தடுமாறும் இடமும் ஒரே பாட்டினுள் நிற்றல் நோக்கற்பாலது.

தேரினின்றும் மடலுக்கு வருவோம். பனங்கருக்கால் ஆய குதிரைமேல் எருக்கங்கண்ணி சூடித் தெருவில் வருவோன், தன் வேட்கையை ஊரறியச் செய்து நாணிழக்கின்றான். ஆளுகை என்பது இங்கே அறவே இல்லை. பெண்டிர் மடலேறுதல் இல்லையெனத் தொல்காப்பிய அகத்திணையியல் விலக்கிற்று.

அவ்விலக்கைப் பொருநைக் கரையிலேயே மீறிய குரல் ஒன்றுண்டு. குருகூர் நம்மாழ்வாரின் திருவாய்மொழியில், ஐந்தாம் பத்தின் மூன்றாம் திருவாய்மொழித் தலைவி தானே மடலூரத் துணிகின்றாள். ஊரார் பழியை எருவாகக் கொள்கின்றாள். திருமங்கையாழ்வாரின் இரு மடல்களிலும் இத்துணிவு காணப்படுகின்றது. ஆயினும் நம்மாழ்வார் இதனினும் ஒருபடி மேற்சென்றார். ஏழாம் பத்தில் தென்திருப்பேரையைப் பாடுமிடத்து, இறைவன் தன் புள்ளைத் தலைவியின் நெஞ்சினூடே கடாவுகின்றான். 'கடாவுதல்' குதிரைக்கும் தேருக்கும் உரிய செலுத்தற்சொல். காதலனின் ஊர்தி ஓடும் வழி இப்போது தெருவன்று, நெஞ்சே. செலுத்துவோன் ஒருவன், அதிர்வை உணர்பவள் மற்றொருத்தி. உளவியலார் இருபதாம் நூற்றாண்டில் ஊர்திக் கனவுகளை ஆராய்ந்து சொன்னவற்றுள் இதற்கு ஒப்பான நுட்பம் அரிது.

ஆழ்வார்திருநகரியில் வைகாசித் திருவிழாவில் நடைபெறும் ஒன்பது கருட சேவை இப்பாட்டுக்கு ஏற்ற உரையாகும். நவதிருப்பதிப் பெருமாள் ஒன்பதின்மரும் கருடன்மேல் வர, பராங்குச நாயகியெனப் பெண்பாற்பெயரும் பெற்ற ஆழ்வார் அன்ன வாகனத்தில் எதிர்கொள்கின்றார். காதலர் இருதிறத்தாரும் ஊர்தியுடையர். இருதிறத்து ஊர்தியும் நகர்வது தோள்கொடுத்துச் சுமப்போரின் நடையால்.