மானவர்மன்

மானவர்மன் (ஆட்சி கி.பி. 684–718): அநுராதபுரத்திலிருந்து ஈழம் ஆண்ட அரசன்; இரண்டாம் காசியபனின் மைந்தன். தந்தை மாண்டபின் சிங்காதனம் பிறர் வசமாகவே, ஈழத்தின் வடபகுதியில் ஒதுங்கி வாழ்ந்த இவன், அங்கும் அச்சம் நீங்காமையால் கடல் கடந்து வந்து முதலாம் நரசிம்மவர்ம பல்லவனிடம் சேவகம் பூண்டான்.

இவனது அஞ்ஞாத காலத்தை ஈழத்து வரலாற்று நூலான சூளவம்சம் சுவைபட உரைக்கின்றது. யானைமீது உலாவந்த பல்லவன், தாகத்திற்கு இளநீர் பருகி, மிச்சத்தைப் பணியாள் என்றெண்ணி மானவர்மன் கையில் கொடுத்துவிட, நண்பனது எச்சிலில் இழிவென்ன என்று அவன் அதனைப் பருகினான். தன் பிழையுணர்ந்து பதறிய பல்லவனோ எஞ்சியதை வாங்கித் தானே குடித்தானாம். சளுக்கிய வல்லபன் படையெடுத்து வந்தபோது, அரசுரிமை நாடி வந்தவன் போரில் மடிந்தால் அவன் பட்ட பாடெல்லாம் வீணாகுமே என்று பல்லவன் இவனை விட்டுச் சென்றும், இவன் பின்தொடர்ந்து போர்க்களம் புகுந்தான். பழைய செங்கற்பட்டு மாவட்டத்து மணிமங்கலம் முதலிய இடங்களில் சளுக்கிய மன்னன் புலிகேசியோடு நிகழ்ந்த போர்களுள் ஒன்று இது என்பர்.

இச்சேவைக்குக் கைம்மாறாகப் பல்லவனிடம் பெற்ற படையோடு ஈழத்தின்மீது நிகழ்த்திய முதற் படையெடுப்பு வெற்றிமுகம் கண்டிருந்த வேளையில், பல்லவன் நோயுற்றான் என்ற செய்தி பரவ, சேனை திரும்பிவிட்டது. பல்லாண்டுகள் கழித்து இரண்டாம் முறை கலம் சித்தமானபோது, வீரர்கள் இவனோடு செல்லத் தயங்கவே, பல்லவன் தன் ராஜ ஆபரணங்களை இவனுக்கு அணிவித்துக் கப்பலேற்ற, தம் அரசனே புறப்படுகின்றான் என்றெண்ணி அனைவரும் ஏறினர். கலம் புறப்பட்ட துறை மாமல்லபுரமே என்பது சரித்திராசிரியர் பலர் துணிபு. திருமங்கையாழ்வார் பாடிய கடல்மல்லையாகிய அவ்வூரில் பெருங்கலங்கள் நின்றமை அதற்கு அரண். ஈழத்தில் அப்போது ஆண்ட இரண்டாம் ஹத்ததாடன் கொல்லப்பட்டான். அவனை அரியணையேற்றிய தமிழ் அமைச்சன் பொத்தகுட்டன் தப்பியோடி, நஞ்சுண்டு மாண்டான்.

இவ்விரு உதவிகளையும் சூளவம்சம் ஒரே நரசிம்மன்மீது ஏற்றுகின்றது. ஆயின் மாமல்லன் எனப்பட்ட முதலாம் நரசிம்மவர்மன் மறைந்தது கி.பி. 668 அளவில் என்பதால், இரண்டாம் படையை அனுப்பியவன் அவன் வழிவந்தவனாதல் வேண்டும் எனக் கருதுவோர் உளர். மானவர்மன் முடிசூடியது 684 ஆயின், இக்கருத்தே பொருந்துவதாகத் தோன்றுகின்றது. நரசிம்மவர்மனின் இலங்கை வெற்றியைக் காசாக்குடிச் செப்பேடு இராமன் வெற்றிக்கும் மேலாகப் புகழ்கின்றது.

இவனுக்குப்பின் மைந்தர் மூவர் ஒருவர்பின் ஒருவராக ஆண்டனர். இவன் நிலைநாட்டிய இலம்பகர்ண வமிசம் முந்நூறாண்டுக்கு மேல் நீடித்து, ஐந்தாம் மகிந்தனை 1017இல் இராஜேந்திர சோழனின் படை சிறைப்பிடித்ததோடு முடிவெய்தியது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து மகிந்தன் சோழநாட்டிலேயே இறந்தான்.