காவல்

'கா' என்ற ஓரெழுத்து வினையில் பிறந்த சொல் காவல். காத்தல், காப்பு, காவலன், எல்லாம் அதன் கிளைகள். சங்கப் பாடல்களில் காவலன் என்றால் அரசன். குடிகளைக் காப்பதே அவன் கடமை. சோழர் கல்வெட்டுகளில் வரும் 'பாடிகாவல்' ஊர்க்காவலையும் அதற்காக ஊரார் செலுத்திய வரியையும் குறித்தது. 

காவலுக்கு இன்று வழங்கும் 'போலீஸ்' என்ற சொல், கிரேக்கத்தில் நகரத்தைக் குறிக்கும் 'போலிஸ்' என்ற சொல்லிலிருந்து, லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் நம்மிடம் வந்தது. அதன் வேரிலும் குடிமக்கள் இருக்கிறார்கள். நம் சட்டத்தில்தான் இல்லை. சென்னை மாகாணத்துக்கு 1859-இலும், பின்னர் நாட்டின் பெரும்பகுதிக்கு 1861-இலும் ஆங்கிலேயர் போலீஸ் சட்டம் இயற்றினார்கள். 1857 கிளர்ச்சியின் அச்சம் ஆறாத காலம் அது. படைக்கு மேலதிகாரம் அரசுக்கு என்று எழுதிய 1861 சட்டம், மக்களுக்குப் பதில் சொல்லும் கடமையை எழுதவே இல்லை.

முன்னாள் காவல் அதிகாரி பிரகாஷ் சிங் தொடுத்த வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் ஏழு கட்டளைகள் பிறப்பித்தது. புலனாய்வைச் சட்டம் ஒழுங்கிலிருந்து பிரிப்பது ஒன்று. காவலர் மீதான புகாரை விசாரிக்கத் தனி ஆணையம், ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில், இன்னொன்று. இதுவே எனக்கு உயிர்நாடியாகப் படுகிறது. தமிழ்நாடு 2013-இல் இயற்றிய சட்டமோ மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலரையே தலைவராக்கியது. காவல் துறையை நடத்துபவரே அதன் மீதான புகாரைக் கேட்பது முறையல்ல. அந்த இருக்கையில் சுதந்திரமான நீதிபதி அமர வேண்டும்.