சயாம் மரண ரயில்பாதைத் தமிழர்

இரண்டாம் உலகப் போரின்போது சயாமின் (இன்றைய தாய்லாந்து) பான்போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாத் வரை ஜப்பானிய ராணுவம் காட்டையும் மலையையும் வெட்டிப் போட்ட பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கிய வேலையில் இரு முனைகளும் 1943 அக்டோபர் 17 அன்று ஒன்றுசேர்ந்தன. இதைப் போர்க்கைதிகள் கட்டிய பாதை என்றே உலகம் அறியும். அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட நேசநாட்டுக் கைதிகளில் 12,000-க்கும் அதிகமானோர் இங்கே மாண்டார்கள். ஆசியத் தொழிலாளரிலோ இறந்தவர்கள் ஏறத்தாழ 90,000 பேர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. அவர்களில் ஒரு பெரும் பகுதியினர் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள். போர்ப்பணியில் இறந்தோர் வரிசையில் இவர்களுக்கும் இடம் உரியது. அந்த இடம் கிடைக்காமல் போனதற்கான காரணத்தை ஏடு வைத்தவர்களிடம்தான் தேட வேண்டும்.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து ரயிலேறி மும்பையின் தாராவித் தோல்கிடங்குகளுக்குப் போனவர்களையும், நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவின் பினாங்கில் இறங்கியவர்களையும் கிளப்பியது ஒரே வகைப் பஞ்சமும் சாதிக் கொடுமையும்தான். ஆள்சேர்க்கும் கங்காணி கூட்டிப் போனவர்கள் மலாயாவில் பால்மரம் வெட்டினார்கள். பலர் ரயில்பாதை வேலைக்கும் போனார்கள். 1885-இல் ஓடத் தொடங்கிய அந்நாட்டின் முதல் பாதையான தைப்பிங் – போர்ட் வெல்டு பாதையைப் போட்டதே இலங்கையிலிருந்து வந்த பயனியர் படைதான். அதன் பிறகும் மண் சுமந்து, கட்டை அடுக்கி, தண்டவாளத்தை நிமிர்த்திய கைகளில் தமிழர் கைகள் மிகுதி. மலாயாவிலும் சயாமிலும் பர்மாவிலும் பாதை மீட்டர் அகலம்தான். அதனால் ஜப்பானியர்கள் மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையில் பெரும் பகுதியைப் பெயர்த்துச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். தண்டவாளமும் அதைத் தாங்கும் ஆளும் ஒரே திசையில் சரக்கு வண்டியில் போன காலம் அது.

1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்ததும் ரப்பருக்குச் சந்தை இல்லாமல் போயிற்று. தோட்டங்கள் முடங்கின, லயங்களில் (தொழிலாளர் குடியிருப்புகளில்) அரிசி இல்லை. மிட்வே கடற்போர்த் தோல்விக்குப் பின் ரங்கூனுக்குக் கடல்வழி ஜப்பானுக்கு ஆபத்தானது. தரைவழி அவசரமாகத் தேவைப்பட்டது. மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி கூலி என்று முதலில் ஆசை காட்டினார்கள். போனவர்கள் திரும்பாத செய்தி பரவியதும் ஆள்பிடிப்பாக மாறியது. மூடிய இரும்பு வண்டியில் நாலைந்து நாள் நின்றபடியே பான்போங்குக்கு. அங்கிருந்து மழைக்காட்டுக்குள் நடை. 1943 மழைக்காலத்தில் வாந்திபேதி முகாம் முகாமாகப் பரவியபோது கைதிகளிடம் படை மருத்துவர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்க ஆணையிட அதிகாரிகள் இருந்தார்கள். இறந்தவர் பெயரை மறைத்தாவது குறித்துவைக்க ஆள் இருந்தது. அத்தாப்புக் கொட்டகையில் கிடந்த தமிழருக்கு இந்த மூன்றும் இல்லை. சில குடும்பங்கள் பெண்டு பிள்ளைகளோடு போயிருந்தன. ஆற்றுத் தண்ணீரை அப்படியே குடித்தவர் மறுநாள் காலையில் எழவில்லை. சாவு விகிதம் கூடியதற்கும் பெயர் தொலைந்ததற்கும் காரணம் ஒன்றே என்று நான் கருதுவது இதனால்தான்.

இவர்கள் சிப்பாய்கள் அல்லவே என்பார்கள். மும்பையில் மஸ்ஜித் பந்தரின் இந்தியக் கடலோடிகள் இல்லத்துக்குள் இதற்கு விடை இருக்கிறது. முதல் உலகப் போரில் கடலில் மாண்டு கல்லறை இல்லாமல் போன இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கும், இரண்டாம் போரில் இறந்த ஏறத்தாழ 6,500 கடலோடிகளுக்கும் அங்கே நினைவிடம் உண்டு. அவர்களில் வணிகக் கப்பலில் கூலிக்கு வேலை செய்தவர்கள் ஏராளம். துப்பாக்கி ஏந்தாத, சம்பளம் வாங்கிய உழைப்பாளியும் போரில் மாண்டால் பெயர் பெறத் தகுந்தவர் என்பதை அந்தக் கட்டடமே ஒப்புக்கொள்கிறது. பகைவனுக்கல்லவா பாதை போட்டார்கள் என்பது அடுத்த வாதம், கொஞ்சம் வலுவானதும்கூட. ஆனால் வெள்ளைக்காரக் கைதிகள் போட்டதும் அதே பாதைதான். காஞ்சனபுரி போர்க்கல்லறையில் ஏறத்தாழ ஏழாயிரம் கைதிகள் துப்புரவான புல்வெளியில், கல்லறைக் கல்லோடு உறங்குகிறார்கள். யாரும் அதைக் குறை சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. சிலர் விரும்பித்தானே போனார்கள் என்றால், அரிசி இல்லாத லயத்திலிருந்து மூன்று மாதத்துக்கென்று புறப்பட்டவரின் விருப்பத்தை அந்த மூன்று மாதத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் அவரைப் பிடித்துவைத்தது ராணுவம்.

போருக்குப் பின் பாதையைத் தாய்லாந்து அரசுக்கு 12.5 லட்சம் பவுனுக்கு விற்றது பிரிட்டன். 1957-இல் வெளியான ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ திரைப்படம் கைதிகளின் கதையையே சொன்னது. படமெடுத்த இடமோ இலங்கையின் கித்துல்கல. தமிழில் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவல் 1993-இல்தான் வந்தது. 1990-இல் காஞ்சனபுரியில் ஒரு நிலத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் வெளிப்பட்டன. அவற்றோடு ஒரு பெயர்கூட வெளிப்படவில்லை. அதே ஊரில், பாலத்துக்கு அருகே, 1944-இல் ஜப்பானிய ராணுவமே எழுப்பிய நினைவுத்தூண் நிற்கிறது. வேலைவாங்கியவர்களுக்கு இறந்தவர்கள் இன்ன மொழியினர் என்பது தெரிந்திருந்தது: அதில் பதித்த பலமொழிப் பலகைகளில் ஒன்று தமிழ்.