பஞ்சாங்கமும் நாங்களும்



சித்திரைப் புத்தாண்டு நெருங்கினால் வகுப்பில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "சேர், எங்கட வருஷம் எப்பவும் மஃரிபோட தொடங்குது. அவங்கட வருஷம் மட்டும் ஏன் ஒருக்கா விடியவும் ஒருக்கா நடுச்சாமத்திலயும் பிறக்குது?" கேள்வியோடு ஒரு கேலிச் சிரிப்பும் வரும். அந்தச் சிரிப்புக்காகத்தான் இதை எழுதுகிறோம்.

பதில் வெறும் கணக்குத்தான். சூரியன் மேட ராசிக்குள் நுழையும் கணமே புத்தாண்டு. அந்தச் சுற்றுக்கு 365 நாளும் ஏறத்தாழ 6 மணித்தியாலமும் ஆகும். ஆகவே பிறக்கும் நேரம் வருடத்துக்கு 6 மணித்தியாலம் அளவில் பின்னால் போகும். பெப்ரவரி 29 வரும் வருடத்தில் ஒரு நாள் முன்னே இழுபடும்.

பஞ்சாங்கம் என்றால் ஐந்து உறுப்பு: வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம். சூரியனிலிருந்து சந்திரன் 12 பாகை விலகினால் ஒரு திதி. 30 திதி சேர்ந்தால் ஒரு சந்திர மாதம். இதுவரை கணிதம். இந்தத் திதி நல்லது, இந்த நேரம் கூடாது என்பது அந்தக் கணிதத்தின் மேல் வைத்த நம்பிக்கை. இரண்டும் வேறு வேறு.

எங்கள் கண்டி நகரமே இந்தக் கணக்கில் ஓடுகிறது. எசல பெரஹராவுக்காக நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி ஆகிய நான்கு தேவாலயங்களிலும் கப் நடுவது சுபநேரம் பார்த்துத்தான். ஊர்வலம் தினமும் புறப்படுவதும் அப்படியே. கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் (1747–1782) காலத்தில் தலதா பேழை பெரஹராவில் முதலிடம் பெற்றது. அந்த மன்னர்களின் அரண்மனையில் முஸ்லிம் வைத்தியர்களும் பணி செய்தார்கள். நாள் பார்க்கும் அரசவையில் நம் முன்னோர் தங்கள் மார்க்கத்தோடு மதிப்பாக இருந்தார்கள்.

இன்னொன்று இளம் தலைமுறைக்குத் தெரியாது. 1966 முதல் 1971 வரை இந்நாட்டில் ஞாயிறு வார விடுமுறையாக இருக்கவில்லை. மாதத்தின் நான்கு போயாக்களே விடுமுறை. ஒரு போயாவுக்கும் அடுத்ததுக்கும் இடையே சிலவேளை 7 நாள், சிலவேளை 8 நாள். பள்ளிக்கூடமும் கச்சேரியும் எல்லா மதத்தவருக்கும் திதிக் கணக்கிலேயே திறந்து மூடின. அதில் மிஞ்சியது இன்றைய பௌர்ணமி விடுமுறை.

இந்தக் கணிதம் நமக்கு அந்நியமும் அல்ல. 8ஆம் நூற்றாண்டில், கலீபா அல்-மன்சூர் காலத்தில், இந்திய வானியல் நூல் ஒன்று பக்தாதுக்குப் போய் அரபியில் 'சிந்ஹிந்த்' ஆனது. அடுத்த நூற்றாண்டில் அல்-குவாரிஸ்மி அந்த வழியில் தன் வானியல் அட்டவணைகளை அமைத்தார். 1030 அளவில் அல்-பிரூனி இந்தியரின் நாட்கணக்கை விரிவாக எழுதினார். அறிவை எடுத்துக்கொண்டார்கள், அதற்காக ஈமானை விட்டுக்கொடுக்கவில்லை.

நமது எல்லை தெளிவானது. நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் வபாத்தான அன்று சூரிய கிரகணம் ஏற்பட்டது. அந்த மரணத்துக்காகத்தான் கிரகணம் என்று மக்கள் பேசினார்கள். பெருமானார் அதை மறுத்தார்கள்: சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், யாருடைய பிறப்புக்கும் இறப்புக்கும் அவை மறைவதில்லை. மகனை இழந்த துக்கத்திலும் அந்தப் பேச்சை வளரவிடவில்லை.

ஆனால் நாம்? ஸபர் பீடை மாதம் என்று கலியாணத்தைத் தள்ளிப்போட்ட வீடுகள் நம் ஊர்களிலும் இருந்தன. ஒடுக்கத்துப் புதன் வந்தால் முஸீபத் நீங்கக் குளித்தவர்கள் நம் மூத்தவர்களே. ஸபரில் துர்ச்சகுனம் இல்லை என்று ஹதீஸ் இருந்தும் அப்படி நடந்தது. பிறை விடயத்தில் ஒரே ஊரில் இரண்டு பெருநாள் கண்டவர்களும் நாம்தான்.

நாள், நேரம் பார்ப்பது நம் மார்க்கத்தில் இல்லை. அதைப் பிள்ளைகளுக்கு உறுதியாகச் சொல்லுவோம். நமக்குத் துஆவும் இஸ்திகாராவும் இருக்கின்றன. ஆனால் பக்கத்து வீட்டார் நேரம் பார்த்து அடுப்பு மூட்டுவதைக் கண்டு சிரிக்கும் உரிமை நமக்கு இல்லை. சிரிக்கிற பிள்ளையிடம் அந்த 6 மணித்தியாலக் கணக்கைச் செய்யக் கொடுங்கள். எங்கள் வகுப்பில் கணக்கு முடிந்தபோது சிரிப்பும் முடிந்துவிட்டது.