ஒல்லாந்து நாட்டின் எருச் சட்டங்கள்: ஒரு வரலாற்று நோக்கு

உழவர்க்கு எரு ஒரு செல்வம். உழவின் சிறப்பை ஓர் அதிகாரத்தாற் கூறிய வள்ளுவரும் உரமூட்டும் வேலைக்கு அங்கே உயர்ந்த இடம் அளித்தார். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் ஆட்டுப்பட்டி அடைத்தும், குழை தாழ்த்தும், மாட்டெருவை விலை கொடுத்து வாங்கியும் தம் நிலத்தைப் பேணினர். எரு போதாமையே உலக வரலாற்றிற் பெரும்பாலும் காணப்படும் நிலை எனலாம். ஆயின், எரு அளவிறந்து பெருகியமையால் அதனைச் சட்டத்தாற் கட்டுப்படுத்த நேர்ந்த நாடும் ஒன்றுண்டு. 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தரின் தாய்நாடே அது. எந்நிலத்தில், எக்காலத்தில், எவ்வளவு எரு இடலாம் என அரசு விதிக்கும் முறை அங்கு எவ்வாறு தோன்றிற்று, எவ்வாறு மாறிற்று என்பதை நோக்குவாம்.

ஒல்லாந்தின் கிழக்கிலும் தெற்கிலும் உள்ள திறெந்த, பிறபாந்து முதலிய பகுதிகள் மணற்பாங்கானவை. அங்கு வாழ்ந்த பழைய உழவர் புதர்நிலத்து மேற்றரையைப் புல்வேருடன் வெட்டி எடுத்து, ஆட்டுத் தொழுவங்களிலே பரப்பினர். சாணமும் சிறுநீரும் ஊறிய அதனைப் பின்னர் வயலுக்கு இட்டனர். பல நூற்றாண்டுகளாக இங்ஙனம் செய்தமையாற் சில வயல்கள் ஏறத்தாழ ஒரு மீற்றர் வரை உயர்ந்தன. ஒரு சிறு வயலைப் பேணுதற்குப் பரந்த புதர்நிலம் வேண்டியிருந்தது. நிலத்திலே விளைந்த தீனியின் அளவே கால்நடையின் அளவு. கால்நடையின் அளவே எருவின் அளவு. எருவின் அளவே விளைச்சலின் அளவு. ஆகவே, எருவுக்கு எல்லை வகுக்கச் சட்டம் எதுவும் வேண்டப்படவில்லை. இயற்கையே அவ்வெல்லையை வகுத்திருந்தது.

இந்தச் சமநிலை இரு படிகளிற் குலைந்தது. முதலாவது படி, வயல் கால்நடையிலிருந்து விடுபட்டமை. 1840 இல் யேர்மனிய அறிஞர் லீபிக் பயிரின் உணவு கனிப்பொருள்களே என விளக்கும் நூலை வெளியிட்டார். 1842 இல் இங்கிலாந்திலே லோஸ் என்பார் பொசுபேற்றுப் பசளை செய்யும் முறைக்கு உரிமம் பெற்றார். 1913 இல் ஹேபர், பொஷ் ஆகியோரின் முறைப்படி வளியிலுள்ள நைதரசனைக் கொண்டு அமோனியா ஆக்கும் தொழிற்சாலை யேர்மனியில் இயங்கத் தொடங்கிற்று. பசளை மூட்டையில் வந்த பின்னர்த் தொழுவத்தை நம்பவேண்டிய தேவை வயலுக்கு இல்லாதொழிந்தது.

இரண்டாவது படி, கால்நடை வயலிலிருந்து விடுபட்டமை. 1944-45 மாரியில் ஒல்லாந்து மக்கள் கொடிய பஞ்சத்தை அனுபவித்தனர். போர் முடிந்ததும் 1945 முதல் 1958 வரை விவசாய அமைச்சராயிருந்த சிக்கோ மான்சோல்ற், உணவு உற்பத்தியைப் பெருக்குதலைத் தம் கொள்கையாகக் கொண்டார். பின்னர்த் தென் அமெரிக்காவின் சோயாவும் தாய்லாந்தின் மரவள்ளியும் றொட்டர்டாம் துறைமுகத்தின் வழியாகத் தீனியாக வந்து குவிந்தன. சொற்ப நிலமுடைய உழவரும் ஆயிரக்கணக்கான பன்றிகளை வளர்க்க இயன்றது. 1950 இல் ஏறத்தாழ 20 இலட்சமாயிருந்த பன்றிகள் 1980களின் இறுதியில் ஏறத்தாழ 140 இலட்சமாயின; அந்நாட்டு மக்களின் தொகையும் அக்காலத்தில் ஏறக்குறைய அவ்வளவே. இறைச்சியும் பாலும் பிறநாடுகளுக்கு ஏற்றுமதியாயின. சாணம் மட்டும் அங்கேயே தங்கிற்று. பிற நாட்டு மண்ணின் சத்து பிறபாந்து மணலிலே குவிந்தது எனின் மிகையாகாது.

பயிர் ஏற்காத நைதரசன் நைத்திரேற்றாக மாறி, மழைநீருடன் இறங்கி, நிலத்தடி நீரை அடைகின்றது. பொசுபேற்று மண்ணிலே தங்கும். மண் நிறைந்தபின் கால்வாய்களுக்குக் கசிந்து பாசியை வளர்க்கும். குடிநீரில் நைத்திரேற்று மிகுமாயின் கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கும். இதனாலேயே இலீற்றர் ஒன்றுக்கு 50 மில்லிகிராம் என்பது எல்லையாகக் கொள்ளப்படுகின்றது.

1984 இன் இறுதியிலேயே அரசு முதன்முதலாகத் தடை விதித்தது. புதிய பன்றிப் பண்ணைகளும் கோழிப் பண்ணைகளும் தொடங்குதலை அவ்விடைக்காலச் சட்டம் கட்டுப்படுத்திற்று. 1987 இல் நடைமுறைக்கு வந்த பசளைச் சட்டம் எக்டேயர் ஒன்றுக்கு 125 கிலோகிராம் பொசுபேற்றை அடிப்படை அளவாகக் கொண்டு, அதனை விஞ்சிய எருவுக்கு வரி விதித்தது. பண்ணைதோறும் எருக் கணக்கு எழுதுதல் கடமையாயிற்று. ஆயின், அவ்வாண்டில் வயலில் இடுதற்கு வகுக்கப்பட்ட மேல்வரம்போ மிகத் தாராளமானது. சோள நிலத்திற்கு எக்டேயர் ஒன்றுக்கு 350 கிலோகிராம் பொசுபேற்று வரை அனுமதிக்கப்பட்டது. பயிரின் தேவையன்றி, ஏற்கெனவே குவிந்திருந்த எருவின் அளவே அவ்வரம்பை நிர்ணயித்தது என்பது தெளிவு.

1991 டிசெம்பரில் ஐரோப்பிய சமூகம் நைத்திரேற்றுப் பணிப்புரையை வெளியிட்டது. கால்நடை எருவிலிருந்து எக்டேயர் ஒன்றுக்கு ஆண்டுதோறும் 170 கிலோகிராம் நைதரசனுக்கு மேல் இடலாகாது. பயிர் ஏற்காத காலத்தில் எருவிடல் ஆகாது. அக்காலத்து எருவைச் சேமித்து வைக்கப் போதிய தொட்டிகள் வேண்டும். பயிரின் தேவைக்கும் மண்ணின் இருப்புக்கும் ஏற்பப் பசளையை அளந்திடல் வேண்டும் என்பன அதன் சாரம்.

ஒல்லாந்து அரசோ வேறொரு வழியை விரும்பிற்று. 1998 இல் தொடங்கிய மினாஸ் என்னும் முறை பண்ணையின் படலையிலே நின்று கணக்கெடுப்பது. தீனி, பசளை, கால்நடை ஆகியவற்றுடன் உள்ளே வந்த நைதரசனும் பொசுபேற்றும் வரவு. பால், இறைச்சி, பயிர், எரு ஆகியவற்றுடன் வெளியே சென்றவை செலவு. மிச்சமே மண்ணுக்கும் நீருக்கும் இழக்கப்பட்ட பங்கு. இம்மிச்சம் விதித்த எல்லையைக் கடந்தால் உழவர் வரி இறுக்க வேண்டும். எவ்வாறு குறைப்பது என்பதை அவரே தீர்மானிக்கலாம். பாற்பண்ணையாளர் இதனால் நன்மை கண்டனர். பசளையைக் குறைத்துங் கூட விளைச்சல் குன்றாமையை அறிந்தனர். நிலம் அற்ற பன்றிப் பண்ணையாளர்க்கோ எருவை வெளியேற்றுதலன்றி வேறு வழி இல்லை. அதற்கான செலவும் பெரிது.

2003 ஒக்ரோபர் 2 ஆம் நாள் ஐரோப்பிய நீதிமன்றம் இம்முறை பணிப்புரைக்கு இணங்காது எனத் தீர்ப்பளித்தது. இழப்பு எவ்வளவு என்பது ஆண்டு முடிந்த பின்னரே தெரிய வரும். பணிப்புரை வேண்டியதோ இடும்போதே தடுக்கும் வரம்பு. நீர் கெட்டபின் வரி பெறுவது நீரைக் காத்தலாகாது என்பது தீர்ப்பின் உட்கருத்து. மினாஸ் கைவிடப்பட்டு, 2006 முதல் வயலுக்கும் பயிருக்கும் ஏற்ற இடுகை வரம்புகள் விதிக்கப்பட்டன. புல் மிகுந்த பண்ணைகளுக்கு மட்டும் 250 கிலோகிராம் வரை சலுகை கிடைத்தது.

எனினும் பூசல் ஓயவில்லை. 1984 முதல் இருந்த பால் ஒதுக்கீட்டு முறை 2015 இல் நீங்கியதும் பசுக்கள் பெருகின. அவ்வாண்டிலேயே நாட்டின் பொசுபேற்று எல்லையாகிய 172.9 மில்லியன் கிலோகிராம் மீறப்பட்டது. 2018 இல் பாற்பண்ணைகளுக்குப் பொசுபேற்று உரிமை முறை புகுத்தப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில், எருவை ஏற்றிச் சென்றதாகப் பொய்க்கணக்கு எழுதும் மோசடி பரவியிருத்தலை ஒரு நாளிதழ் வெளிப்படுத்திற்று. 2022 இல் ஐரோப்பிய ஆணைக்குழு 250 கிலோகிராம் சலுகையைப் படிப்படியாக நீக்கத் தீர்மானித்தது.

இவ்வரலாற்றில் உழவரை மட்டும் குற்றங்கூறுதல் நியாயமன்று. பெருகுக என்று அரசு கூறியபோது அவர்கள் கடன்பட்டுத் தொழுவம் கட்டினர்; குறைக என்று அதே அரசு கூறியபோது அக்கடன் குறையவில்லை. கணக்கு முறை எதுவாயினும், அது பண்ணை பெருகிய பின்னர் வந்தமையே பெருங்குறை. விலங்கின் தொகைக்கு நிலத்தின் அளவை எல்லையாக்கும் விதி 1950களில் இருந்திருப்பின், பின்வந்த வரியும் வழக்கும் பெரிதும் வேண்டப்பட்டிரா.

இச்செய்தி நமக்குப் புறம்பானதன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறுகள் இல்லை. சுண்ணக்கல்லினுள் தேங்கும் மழைநீரே நமது கிணறுகளின் நீர். தோட்டப் பசளையும் மலக்குழிக் கசிவும் அதனை எளிதில் அடைகின்றன. செறிவாகப் பயிரிடப்படும் ஊர்களின் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று எல்லையைக் கடந்திருத்தலை 1980களிலிருந்து ஆய்வுகள் காட்டியுள்ளன. 2021 மேயில் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியை முற்றாகத் தடுத்தது. உழவரின் எதிர்ப்பால் நவம்பரில் அத்தடையை நீக்கிற்று. அடுத்த பெரும்போக நெல் விளைச்சல் பெரிதும் குன்றிற்று. அளவின்றி இடுதலும் அளவறியாது தடுத்தலும் ஒரே பிழையின் இரு முகங்கள். இயற்கை எருவாயினும் இரசாயனப் பசளையாயினும், மண்ணில் இருப்பது எவ்வளவு, பயிருக்கு வேண்டுவது எவ்வளவு என்று முன்னரே அளந்தறிந்து இடுதலே நமது கிணறுகளைக் காக்கும் வழியாகும்.