குப்பையில் எழுந்த ராஜ்ஜியம்

‘ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுகிறான்’ என்று கேலி பேசுவார்கள், கேட்டிருப்பீர்கள். அந்தப் பேச்சுக்கு விருத்தாசலத்தில் ஒரு கதை உண்டு. ஊரின் பழைய பெயர் திருமுதுகுன்றம். அங்கே ஈசனிடம் 12,000 பொன் பெற்ற சுந்தரர், அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்கிறது புராணம். ஓரிடத்தில் எறிந்தது இன்னோரிடத்தில் பொன்னாகக் கிடைக்குமா? கிடைக்கும். புராணத்தில் மட்டுமில்லை, சரித்திரத்திலும்!

இன்றைக்கு விருத்தாசலம் என்றால் பீங்கான். பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கிற வெள்ளைக் களிமண்தான் மூலகாரணம். பழைய வீடுகளின் மெயின் போர்டில் வெள்ளையாக ஃப்யூஸ் கட்டை இருக்குமே, அது இந்த ஊர்ச் சரக்கு. மின்கம்பியைத் தாங்கும் இன்சுலேட்டர், பொம்மை என்று இன்னும் பல உண்டு. பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித்தர அரசுக் கல்வி நிலையமே இருக்கிறது.

பீங்கானில் ஒரு சங்கடம். பச்சை மண் பொம்மை உடைந்தால் தண்ணீர் விட்டுப் பிசைந்து இன்னொன்று செய்துவிடலாம். சூளையில் வெந்துவிட்டால் கதை முடிந்தது. 600 டிகிரியைத் தொடுவதற்குள் மண்ணுக்குள் கட்டுண்டிருந்த நீர் போய்விடுகிறது. அப்புறம் குடம் குடமாக ஊற்றினாலும் பிசைய வராது. மிஞ்சினால் இடித்துத் தூளாக்கிப் புது மண்ணோடு கொஞ்சம் சேர்க்கலாம், அவ்வளவுதான்.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இது பழகிய சமாசாரம். காஸ்டிங் பாடத்தில் ‘நார்மல் லாஸ்’ என்று ஒரு வரி வரும். இத்தனை சதவிகிதம் வீணாகும் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு, அந்த நஷ்டத்தை நல்ல சரக்கின் தலையில் ஏற்றிவிடுவோம். கணக்கு டேலி ஆகிவிடும். உடைந்த சாமான்? கணக்கில் எழுதித் தள்ளிவிட்டால் உலகத்தை விட்டே போய்விடுமா என்ன? எங்கேயோ ஒரு மேட்டில் கிடக்கும்.

அப்படிக் கிடந்த மேடுகளைத் தேடித் தேடிப் போன ஓர் அரசு ஊழியர் வடக்கே இருந்தார். பெயர் நேக் சந்த். 1924-ல் பிறந்தவர். 1947-ல் தேசம் இரண்டானபோது அவருடைய கிராமம் பாகிஸ்தான் பக்கம் போய்விட்டது. குடும்பத்தோடு இந்தியாவுக்கு வந்தார். லாகூரை இழந்த இந்தியப் பஞ்சாபுக்காகப் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த சண்டிகரில், பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர் வேலை கிடைத்தது.

சண்டிகர், லெ கொர்பூசியே என்ற உலகப் புகழ் கட்டடக் கலைஞர் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட நகரம். கோடு போட்ட இடத்தில் ஏற்கெனவே கிராமங்கள் இருந்தனவே? இடித்தார்கள். புது நகரத்தின் பேரேட்டில் அந்த வீடுகளெல்லாம் ‘நார்மல் லாஸ்’!

ஊரை இழந்து வந்தவருக்கு அந்த இடிபாடு வேறு மாதிரித் தெரிந்தது போலும். 1958 வாக்கில், வேலை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். உடைந்த சிங்க், டைல்ஸ், கண்ணாடி வளையல், மின் சாமான், தார் டிரம் என்று எதையும் விடவில்லை. சுக்னா ஏரிக்குப் பக்கத்தில், யாரும் எதுவும் கட்டக்கூடாது என்று அரசு ஒதுக்கியிருந்த புதர்க் காட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தார். பழைய சைக்கிள் சட்டம் விலங்குக்கு எலும்புக்கூடு ஆனது. வளையல் துண்டுகள் பொம்மைப் பெண்களுக்கு உடையாகவும் நகையாகவும் ஆயின. நம் ஃப்யூஸ் கட்டையின் ஒன்றுவிட்ட சகோதரர்களான பீங்கான் மின் சாமான்கள் சுவரில் வரிசையாகப் போய் உட்கார்ந்தன.

பதினைந்து வருடங்களுக்கு மேல் இந்த ரகசியம் வெளியே தெரியவில்லை. எழுபதுகளில் அதிகாரிகள் கண்ணில் பட்டது. பார்த்தால், காட்டுக்குள்ளே ஒரு ராஜ்ஜியம்! ராஜா, ராணி, சேனை, நடனக்காரிகள் என்று நூற்றுக்கணக்கில் நிற்கிறார்கள். சட்டப்படி இது ஆக்கிரமிப்பு. இடிக்க வேண்டியதுதான். ஆனால் ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் பார்க்க வந்துவிட்டார்கள். அரசாங்கம் இறங்கி வந்தது. 1976-ல் ‘ராக் கார்டன்’ முறைப்படி திறக்கப்பட்டது. நேக் சந்துக்குச் சம்பளத்தோடு ‘சப் டிவிஷனல் இன்ஜினீயர், ராக் கார்டன்’ என்ற பதவியும், உதவிக்கு ஐம்பது ஆட்களும் கிடைத்தன. 1984-ல் பத்மஸ்ரீ!

சுபம் போட்டுவிடலாமா? அவசரப்படாதீர்கள். பிற்பாடு ஒருமுறை சாலை போட புல்டோசர் வந்தது. ஜனங்கள் மனிதச் சுவராக நின்று தடுத்தார்கள். 1996-ல் அவர் வெளிநாடு போயிருந்த சமயம் யாரோ புகுந்து சிலைகளை உடைத்தார்கள். 2015-ல் அவர் காலமானார். 2025-ல், பக்கத்திலிருக்கும் உயர் நீதிமன்றத்தின் போக்குவரத்து வசதிக்காகத் தோட்டச் சுவரின் ஒரு பகுதியை இடித்தார்கள். ஊர்க்காரர்கள் போராடியும் பலனில்லை. குப்பை என்று ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால் பத்மஸ்ரீ கொடுத்த பிறகும் அந்தப் பெயர் லேசில் போகாது போலிருக்கிறது.

பாருங்கள், உடைந்த சிங்க்கில் எந்த மாற்றமும் இல்லை. மேட்டில் கிடந்தபோதும் அதே பீங்கான்தான், ராணியின் மேனியில் பதிந்தபோதும் அதே பீங்கான்தான். நடுவில் ஒரு மனிதர் குனிந்து எடுத்தார். அந்தக் குனிதலுக்குக் கணக்குப் புத்தகத்தில் தலைப்பு கிடையாது.

சூளை இருக்கிற ஊரிலெல்லாம் உடைசல் இருக்கும். விருத்தாசலத்திலும் இருக்கும். குனிந்து எடுக்க இன்னொரு நேக் சந்த் வரலாம். வந்தால், அவர் கட்டியதை இடிக்காமல் விட்டுவைக்க ஓர் ஆபீசும் வேண்டும்.