பாரதி: பட்டம் ஆண் பெயரான வரலாறு

தமிழ்நாட்டில் பையன்களுக்குத் தயக்கமின்றிச் சூட்டப்படும் ‘பாரதி’ என்ற பெயர் முதலில் ஒரு பட்டமாகவே வழங்கியது. கலைமகளைக் குறிக்கும் வடசொல் அது. சிருங்கேரி மடத்துத் துறவிகள் அதைத் துறவுப் பெயரின் ஈற்றில் கொண்டனர். நந்தனார் சரித்திரத்தைக் கீர்த்தனையாகப் பாடிய கோபாலகிருஷ்ண பாரதி போன்ற புலவர்களும் அவ்வாறே வைத்துக்கொண்டனர். சொந்தப் பெயர் முன்னே நிற்கும். பாரதி பின்னால் சேரும்.

இதை மாற்றியது கரிசல் பூமியின் எட்டயபுரம். அங்கே 1882 டிசம்பர் 11-இல் சின்னசாமி ஐயருக்கும் இலட்சுமி அம்மாளுக்கும் பிறந்த சுப்பிரமணியனை வீட்டில் சுப்பையா என்றழைத்தனர். தந்தை, பருத்தி விளையும் அந்த மண்ணில் ஆலை வைத்து நொடித்துப்போனவர். மகன் பதினொரு வயதில், 1893-இல், எட்டயபுரத்தில் ‘பாரதி’ பட்டம் பெற்றான். மூன்று வயது மூத்த தோழர் சோமசுந்தரமும் அதே ஊரில் பிறந்தவர். அவர் நாவலர் சோமசுந்தர பாரதி ஆனார். ஒரே ஊரில் இரண்டு பாரதிகள் இருந்தும், அடைமொழி இல்லாமல் ‘பாரதி’ என்றால் சுப்பையாவைத்தான் தமிழுலகம் நினைத்தது.

புதுச்சேரியில் அவரோடு பழகிய கனக சுப்புரத்தினம் ‘பாரதிதாசன்’ என்று பெயர் பூண்டது பெரிய திருப்பம். பின்னாளில் கடவுள் மறுப்பைப் பாடிய அவருக்குப் பாரதி என்பது தெய்வமல்ல, தம் ஆசான். பட்டம் இங்கே ஒரு மனிதரின் பெயராகவே நின்றுவிட்டது.

1921-இல் கவிஞர் பாரதி மறைந்த பிறகு அந்தப் பெயர் மேலும் பரவியது. எழுத்தாளர் கல்கியின் முயற்சியால் மக்களிடம் நிதி திரட்டி எட்டயபுரத்தில் கட்டப்பட்ட மணிமண்டபம் 1947-இல் திறக்கப்பட்டது. 1949-இல் அரசு அவர் நூல்களை நாட்டுடைமையாக்கியது. பாடப்புத்தகம் வழியே அவர் பாடல்கள் வீடுதோறும் சென்றன. நூற்றாண்டான 1982-இல் கோவையில் அவர் பெயரால் பல்கலைக்கழகம் தோன்றியது.

எட்டயபுரத்தை அடுத்த குளத்தூர், விளாத்திகுளம் வட்டாரத்தில் தலைப்பிள்ளைக்குப் பாட்டன் பெயரோ குலசாமி பெயரோ வைப்பதே பழைய முறை: கருப்பசாமி, மாடசாமி, முனியசாமி. பாட்டன் பெயர் தாங்கிய பிள்ளையைப் பெற்றவளே பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. மாமனார் பெயர் அவள் வாயில் வரக்கூடாது. அதனால் ‘ஐயா’, ‘ராசா’ என்று அழைத்துச் சமாளிப்பாள். பாரதி என்ற பெயருக்கு அந்தத் தடை இல்லை. சாதி அடையாளமும் அதில் ஒட்டவில்லை. அக்கிரகாரத்துப் பையன் பெற்ற பட்டத்தை எல்லாச் சாதியாரும் தம் பிள்ளைக்கு வைத்ததே இந்தப் பெயரின் மிகப் பெரிய வெற்றி. பழைய முறையும் அடியோடு போய்விடவில்லை. மொட்டையடித்துக் காது குத்தும் இடத்தில் குலசாமி பெயரைச் சொல்லிவிட்டுப் பள்ளிப் பதிவேட்டில் பாரதி என்று எழுதும் வீடுகள் உண்டு. பாரதிராஜா, பாரதிகண்ணன் போன்ற கூட்டுப் பெயர்களும் கிளைத்தன. பெண் பிள்ளைக்கு வைக்கும்போது கலைமகள் என்ற பழம்பொருளும் உடன் வருகிறது. ஆண் பிள்ளைக்கு வைப்பவர்கள் எண்ணுவது பெரும்பாலும் முண்டாசுக் கவிஞரை மட்டுமே.